வருத்தம் போன பிறகு பார்க்கிற டொக்டர்

கிண்ணியாவில் யாருக்காவது கை கால் விழுந்துவிட்டால், வீட்டுக்காரர்கள் முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியாரிடம் போவார்கள், அதன் பிறகு ஓதிப் பார்ப்பவரிடம் போவார்கள், கடைசியாக என் தையல் கடைக்கு வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அந்த டொக்டர் ஒங்களுக்கு என்ன மருந்து தந்தவ?" மருந்து ஒன்றும் தரவில்லை என்றால் நம்பமாட்டார்கள். நான் எதையோ மறைக்கிறேன் என்று முகத்தைச் சுழித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. என் நாக்கு இன்னும் பழைய வேகத்துக்கு வரவில்லை. நாலு வசனம் பேசினால் ஐந்தாவது வழுக்கும். ஆகவே ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன், வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. என் வலக்கைதான் எழுதுகிறது, அதனால் எனக்கு அதில் வெட்கமில்லை.

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த காலம். எனக்கு நாற்பத்துநாலு வயது. துறையடிக்குக் கிட்ட என் கடை. நான் துணி வெட்டுவேன், என் மனைவி சுபைதாவின் தம்பி காசிம் மெஷினில் இருந்து தைப்பான். பள்ளிக்கூடம் தொடங்குகிற நாட்கள் என்பதால் வெள்ளைத் துணி மேசை நிறையக் கிடந்தது. ஒரு காலை, பாதித் துணி வெட்டியிருக்கும்போது கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை போகவில்லை. மரத்துவிட்டதோ என்று இடக்கையால் தட்டிப் பார்த்தேன். வேறு யாருடைய கையையோ தட்டுவது போல இருந்தது. காசிம் என்று கூப்பிட நினைத்தேன், வாயிலிருந்து வந்தது வெறும் முனகல்.

காசிம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "என்ன மச்சான், விடியக் காலையில பகிடியா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. நான் அப்படியான பகிடிகள் விடுகிற ஆள்தான். மேசைக்கால் ஓரமாக நான் சரிந்து விழுந்த பிறகுதான் அவன் மெஷினை விட்டு எழும்பினான்.

அந்த நேரம் பார்த்துப் பாதை அக்கரையில் நின்றது. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், பாதை என்பது லொறி, வண்டில், மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாத் துறையைக் கடக்கிற பெரிய மிதவை. அது வரும்வரை காத்திருக்கக் காசிமுக்குப் பொறுமையில்லை. மீன்காரர் ஒருவரின் தோணியில் என்னைக் கிடத்தினார்கள். அடியில் கிடந்த வலையின் ஈரம் முதுகில் பட்டது. அந்த ஈரம் முதுகின் ஒரு பாதிக்குத்தான் தெரிந்தது, மற்றப் பாதிக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் பதினாலு நாள் கிடந்தேன். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று அடைபட்டுவிட்டது என்றார்கள். அந்தக் குழாயை நம்பியிருந்த மூளைத்துண்டு வேலை செய்யாமல் போனதாம். மூளையின் இடப்பக்கம்தான் உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கிறது, ஆகவே எனக்கு வலக்கை, வலக்கால், நாக்கில் கொஞ்சம். இரத்த அழுத்தம் எப்போதோ கூடியிருக்கிறது, எனக்குத் தெரியாது. கருவாடும் ஊறுகாயுமாகத் தின்று வளர்ந்த உடம்பு யாரைக் கேட்டு அழுத்தம் ஏற்றும்? பதினைந்தாம் நாள் டொக்டர் என் தோளில் தட்டி, "வருத்தம் போயிட்டுது, இனி நீங்கள் வீட்ட போகலாம்" என்றார். வருத்தம் என்றால் எங்கள் பேச்சில் நோய். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வருத்தம் போனது சரி, என் கை எங்கே போனது என்று கேட்க நாக்கு வரவில்லை.

வீட்டில் ஆறு மாதம். தோப்பூரிலிருந்து பரிசாரியார் வந்து எண்ணெய் போட்டார். அவரையும் குறை சொல்லமாட்டேன், அந்த எண்ணெயில் தோள் நோவு குறைந்தது. காலும் மெல்ல மெல்ல வந்தது, பொல்லை ஊன்றிப் பள்ளிவாசல் வரை போய்வரப் பழகினேன். கை மட்டும் வரவில்லை. முழங்கை மடங்கி, விரல்கள் பொத்தி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குத் தசை விறைப்பு என்று பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் அதை ஏசுவேன். "சோம்பேறி" என்பேன், அதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன்.

சோறு ஊட்டியது சுபைதா. இடக்கையால் சாப்பிடலாமே என்று யாராவது கேட்பார்கள். எங்கள் வழக்கத்தில் இடக்கை சோற்றுக்குப் போகாது. ஏலாதவருக்கு அதில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் லெப்பை வீட்டுக்கே வந்து சொன்னார். மார்க்கம் விட்டாலும் என் மனம் விடவில்லை. ஒரு நாள் முயன்று பார்த்தேன், வாய்க்குக் கிட்ட வந்தபோது குமட்டியது. அதன் பிறகு மூன்று நேரமும் சுபைதாதான் பிசைந்து, மீனில் முள் எடுத்து, ஊட்டினாள். அவளுக்கு அதில் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. வருகிற பெண்களெல்லாம் "இப்பிடி ஒரு பொஞ்சாதி கிடைக்க நீங்க குடுத்து வச்சிரிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் ஒரு கலியாணம். எங்கள் விருந்துகளில் சஹனில்தான் சாப்பாடு. பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறிகளை வைத்து, ஆறு பேர் நிலத்தில் சுற்றி இருந்து, அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுத்துச் சாப்பிடுவது. கடையைப் பூட்டிவிட்டு எப்போதும் பிந்திப் போகிறவன் நான், ஆள் குறைகிற சஹன் எதுவோ அதில் ஆறாவது ஆளாகப் போய்க் குந்திவிடுவேன். அன்றைக்கு என்னை மரியாதையாக உள்ளறைக்குக் கூட்டிப்போய், கதிரையில் இருத்தி, சாப்பாட்டுக் கோப்பை ஒன்றில் தனியாகச் சோறு போட்டுத் தந்தார்கள். சுபைதா கதவைச் சாத்திவிட்டு ஊட்டினாள். வெளியே ஒருவர், "இந்தச் சஹனுக்கு ஒராள் குறையிது, வாங்க யாராவது" என்று கூப்பிட்டது கேட்டது. என் கால் என்னைக் கேளாமல் எழும்பப் பார்த்தது. சுபைதாவுக்கும் கேட்டிருக்கும், அவள் அடுத்த பிடியைப் பிசைந்தாள்.

நடப்பதோ தைப்பதோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காசிமுக்கு வெட்டவும் பழக்கிவிடலாம், கடை ஓடும். நாலு பேரோடு குந்தி ஒரு தட்டில் கை வைக்க முடியாவிட்டால் நான் ஊருக்குள் ஒரு விருந்தாளிதான் என்று அன்றைக்குப் பட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்துநாலு வயதுக் குடும்பக்காரன் விருந்துச் சோற்றுக்கு அழுகிறான் என்று சொல்வார்களே என்ற வெட்கம்.

டொக்டரைப் பற்றிய செய்தி புல்மோட்டையிலிருந்து வந்தது. அங்கே மணல் அள்ளுகிற இடத்தில் வேலை செய்தவர் ஒருவர், முள்ளந்தண்டு அடிபட்டு, இரும்புச் சட்டம் போட்ட காலோடு கடைக்கு வந்தார். சட்டத்துக்கு மேலால் போடக் கால்சட்டையை அகலப்படுத்தவேண்டும். அளவெடுத்த காசிம் என்னைக் காட்டிக் கதைகொடுத்தான். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "இதுக்கெண்டு ஒரு டொக்டர் இருக்கிறா. வருத்தம் போன பிறகு பார்க்கிற டொக்டர்" என்றார்.

காசிம் சிரித்தான். "வருத்தம் போனா டொக்டர் எதுக்கு?"

"வருத்தம் போயிடும் தம்பி. அது விட்டுட்டுப் போறதை ஆர் பார்க்கிறது? கண்டியில இருக்கிறா. நான் அங்க கிடந்துதான் நடக்கப் பழகினனான்."

பெயர் அவருக்கு நினைவில்லை. அந்தப் படிப்புக்கு என்ன பெயர் என்பதும் தெரியவில்லை. இவ்வளவுதான் எங்கள் கையில் இருந்த தகவல். அந்த டொக்டரிடம் அனுப்புகிற துண்டு வாங்கத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். "என்ன டொக்டர் வேணும்?" என்று கேட்டார்கள். "வருத்தம் போன பிறகு பார்க்கிறவ" என்றான் காசிம். எலும்பு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். வாங்குப் பலகையில் மூன்று மணி நேரம் இருந்து உள்ளே போனால், எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த கிழமை வேறொரு கிளினிக், அங்கே இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்றார்கள். கடைசியில், லீவில் போய் அப்போதுதான் திரும்பியிருந்த வயதான டொக்டர் ஒருவர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அப்படியொரு துறை இருக்கிறது, உடம்பு இழந்த வேலையைத் திரும்பப் பழக்குகிற வைத்தியம் அது, நாட்டிலேயே இரண்டு மூன்று பேர்தான் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, கண்டிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

நானும் சுபைதாவும் காசிமும் போனோம். தம்புள்ளையில் பஸ் மாறும்போது என்னை ஏற்றி இறக்கியே காசிமுக்கு முதுகு போனது. குளிரில் என் கை இன்னும் இறுகிக்கொண்டது. கண்டியில் ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்து, எங்கள் முறை வந்ததும் சுபைதா கடிதத்தை நீட்டினாள். கிளாக்கர் அதை வாசித்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கயிருந்து வாறீங்க?"

"திருகோணமலை."

"அவ இங்க இல்லை. மாற்றம் கிடைச்சுப் போய் ரெண்டு மாசம்."

"எங்க போனவ?" என்றாள் சுபைதா.

"திருகோணமலைக்குத்தான்."

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எங்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காசிம் வாங்கில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அவனைப் பொல்லால் அடிக்கவேண்டும் போல இருந்தது. சுபைதாதான், "நல்லதுதானே, வீட்டுக்குக் கிட்ட" என்று சொல்லிச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, அந்த வாங்கிலேயே எனக்கு ஊட்டத் தொடங்கினாள். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அப்படியொரு பயணம் மூன்று பேரும் சேர்ந்து வேறெப்போதும் போனதில்லை.

டொக்டரின் இடம் நான் பதினாலு நாள் கிடந்த வாட்டுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற கொடியைத் தாண்டி இருந்தது. உடைந்த கட்டில்கள் போட்டிருந்த நீளமான அறை ஒன்றை அவ துப்புரவாக்கி எடுத்திருந்தா. கடற்படை விட்டுப்போன இரும்புக் குழாய்களை இடுப்பு உயரத்துக்கு இரண்டு வரிசையாக நட்டு, பிடித்து நடக்கக் கம்பி செய்திருந்தா. பாரம் தூக்க, கடற்கரை மண் நிரப்பிய சின்னச் சின்னப் பைகள். யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும், மதியத்தில் வேலிக்கு வெளியே புள்ளிமான்கள் வந்து நிற்கும். திருகோணமலைக்காரருக்கு மான் ஆடு மாதிரித்தான், ஆனால் வாட்டில் கிடக்கிறவனுக்கு அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

நாற்பது வயது இருக்கும் அவவுக்கு, யாழ்ப்பாணத்துப் பேச்சு, மெலிந்த உடம்பு. முதல் நாள் நாடியும் பார்க்கவில்லை, குழாய் வைத்தும் பார்க்கவில்லை. "சேட்டுப் பொத்தானைப் பூட்டுங்கோ" என்றா. "நிலத்தில இருந்து எழும்புங்கோ" என்றா. ஏலாததை ஏலாது என்று சொல்லும்வரை விடாமல் பார்த்துக்கொண்டு நின்றா. கை விரல் ஒவ்வொன்றையும் மெதுவாக நிமிர்த்திப் பார்த்தா. பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே இருந்தா.

"இந்தக் கையால என்ன செய்ய விருப்பம்?"

அப்படி ஒரு கேள்வியை எந்த டொக்டரும் கேட்டதில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான், "கத்தரிக்கோல் பிடிக்கோணும்" என்றேன். ஆண்பிள்ளை சொல்லவேண்டிய பதில் அதுதானே. அவ அதை எழுதிக்கொண்டா.

என்னை வாட்டில் சேர்த்தார்கள். சுபைதா பட்டணத்தில் இருந்த அவளுடைய கூடப்பிறந்த ராத்தா வீட்டில் தங்கினாள். மறுநாள் மதியம் சோறு கொண்டுவந்து, வழக்கம்போல் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். டொக்டர் கதவடியில் வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. முழுவதையும் பார்த்துவிட்டு உள்ளே வந்தா.

"எவ்வளவு காலமா ஊட்டுறீங்கள்?"

"ஆறேழு மாசம் டொக்டர்" என்றாள் சுபைதா, பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு.

"இடக்கையால சாப்பிடப் பழக்கலாமே?"

"மாட்டன்" என்றேன் நான். அது மட்டும் வழுக்காமல் வந்தது. சுபைதா காரணத்தை விளங்கப்படுத்தினாள். டொக்டர் கோபிப்பா என்று நினைத்தேன். அவ கோபிக்கவில்லை.

"அப்ப நல்லது. இடக்கை வேண்டாம். நீங்களும் ஊட்டவேண்டாம். வலக்கை சாப்பிடட்டும்."

"அது வராதே டொக்டர்."

"வருது. நேற்றுப் பார்த்தனான், ரெண்டு விரலில அசைவு இருக்கு. கை சாகேல்லை. மூளையில இருந்து அதுக்குப் போற வழி அடைபட்டுப் போச்சு. பக்கத்தால வேறு வழி எடுக்கலாம், ஆனால் கையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேணும். மூண்டு நேரமும் உங்கட கை வந்தால், அவற்ற கையை ஆர் கூப்பிடுறது?"

சுபைதாவின் முகம் மாறிப்போனது. சோறு ஒட்டிய விரல்களை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான்தானா கெடுத்தன்?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. நீங்கள் ஊட்டினபடியாத்தான் ஆள் இந்த உடம்போட வந்திருக்கிறார். இனி ஊட்டினால்தான் பிழை." டொக்டர் அவளின் தோளில் கை வைத்தா. "கஷ்டம்தான். பார்க்க ஏலாட்டி வெளியில போய் நில்லுங்கோ."

அடுத்த நாளிலிருந்து கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சுபைதா விறாந்தைக்குப் போய்விடுவாள். நான் தோளால் கையைத் தள்ளி, இடக்கையால் முழங்கையைத் தாங்கி, கோப்பை வரை கொண்டுபோவேன். விரல் திறக்க ஒரு காலம். திறந்தால் மூட ஒரு காலம். மூடினால் சோறு இல்லை. முதல் நாள் நாலு பருக்கை வாய்க்கு வந்தது, மிச்சம் மடியில். இரண்டாம் நாள் கோப்பையைத் தள்ளி விழுத்தினேன். பசி என்றால் என்னவென்று நோன்பு பிடித்தவனுக்கும் அந்த நாட்களில்தான் புதிதாகத் தெரிந்தது. விறாந்தையைப் பார்த்து, "மனிசியா நீ, கல்லா" என்று கத்தினேன். நாக்கு வழுக்கியதில் அது யாருக்கும் விளங்கியிருக்காது. அவளுக்கு விளங்கியிருக்கும். மூன்று நாள் அவளோடு நான் கதைக்கவில்லை.

அடுத்த கட்டிலில் வெருகல் பக்கத்துக் கணபதி, தொடை முறிந்து கிடந்த கடல் தொழிலாளி. வாட்டே சிரிக்கும்படி கதை சொல்வான், எங்கள் ஆட்களின் வழக்கப்படி என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். நாலாம் நாள் அவன் கதை சொல்லவில்லை.

"காக்கா, ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது. உங்கட மனிசி வெளியில சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். உங்கட கோப்பை விழுந்த நேரம் ஓடி வந்தவ. கதவடி வரைக்கும் வந்திட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போட்டா."

அன்றைக்கு மதியம் கோப்பையைத் தள்ளவில்லை. ஒன்றரை மணி நேரம் எடுத்து, ஆறிப்போன சோற்றில் பாதியைச் சாப்பிட்டேன். முடிந்ததும் "சுபைதா" என்று கூப்பிட்டேன். உள்ளே வந்து மடியில் கிடந்த சோற்றைத் தட்டிவிட்டாள். "பாரை மீன் நல்லாயிருந்திச்சு" என்றேன். "உப்புப் போடல்ல, டொக்டர் சொன்னவ" என்றாள். அவ்வளவுதான், கோபம் போய்விட்டது.

ஏழு வாரம் அங்கே இருந்தேன். வாழ்க்கையில் நான் மிகவும் பசித்திருந்ததும் சிரித்ததும் அந்த ஏழு வாரம்தான் என்று இப்போது தோன்றுகிறது. காலையில் குழாய்க் கம்பியைப் பிடித்து நடப்பேன். கணபதி கட்டிலில் கிடந்தபடியே, "காக்கா, அணியம் வலப்பக்கம் சரியுது" என்று தோணிக்குச் சொல்வது போலச் சொல்வான். வெந்நீரில் கையை ஊறவைத்து, வாட்டு நேர்ஸ் மிஸி விரல்களை நிமிர்த்துவா. விறைத்த தசையைப் பொறுமையாக இழுத்துக் கொடுத்தால்தான் அது விட்டுத்தரும், அவசரப்பட்டு இழுத்தால் இன்னும் இறுகும். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் எல்லோரும் யன்னலடியில். கிண்ணியாவிலிருந்து காசிம் சனிக்கிழமைகளில் வருவான். அவனுக்குப் பெண் பார்த்து, நாளும் குறித்தாகிவிட்டது. அந்தச் செய்தியைச் சொன்ன நாளில் எனக்குச் சந்தோசம் பாதி, அவன் கலியாணத்திலும் உள்ளறைக் கதிரையில்தானா என்ற பயம் பாதி.

மூன்றாம் கிழமை டொக்டர் உண்மையாகவே ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்தா. நான் அதைப் பிடித்தேன், கடதாசியைக் கொஞ்சம் வெட்டினேன், கீழே வைத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான்.

"உங்களுக்கு இதில மனம் இல்லை" என்றா.

நான் யன்னலைப் பார்த்தேன். விறாந்தையிலிருந்து சுபைதாவின் குரல் வந்தது. "அவருக்குச் சஹன்ல இருக்கோணும் டொக்டர். என்ட தம்பிக்குக் கலியாணம் வருது. சொல்ல வெக்கப்படுறார்."

நான் அவளிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு ஊட்டியவள், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் ஊட்டியிருக்கிறாள்.

டொக்டர் சிரிப்பா என்று பயந்தேன். அவ பேனையை எடுத்தா. சஹன் என்றால் என்ன? எத்தனை பேர்? தட்டு எவ்வளவு அகலம்? எந்தக் காலை மடக்குவீர்கள், எந்த முழங்காலை உயர்த்துவீர்கள்? சோறு எவ்வளவு தூரத்தில் இருக்கும்? எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? ஒரு தையல்காரன் உடுப்புக்கு அளவெடுப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினா. "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கடைசியில் சொன்னா.

அதன் பிறகு வேலை வேறு மாதிரிப் போனது. நிலத்தில் பாய் விரித்து, ஆஸ்பத்திரிக் குசினியிலிருந்து அகலமான தட்டம் ஒன்று கொண்டுவந்து, அதில் ஈரமண் குவித்தார்கள். நான் பொல்லைப் பிடித்துக் கீழே இருக்கவேண்டும், இடது முழங்காலை உயர்த்தி வலக்காலை மடக்கவேண்டும், மண்ணைக் கிள்ளி எடுத்து விரலால் உருட்டி வாயளவுக்குக் கொண்டுபோய்த் திரும்ப வைக்கவேண்டும். ஒரு தரம், நூறு தரம். கீழே இருப்பதைவிட எழும்புவதுதான் கஷ்டம். விழுந்தால் டொக்டர் தூக்கவிடமாட்டா, எப்படி எழும்புவது என்று சொல்லித்தான் தருவா. கணபதி கட்டிலில் இருந்து, "காக்கா, கறி போதுமா?" என்பான்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டர் மறைக்காமல் சொன்னா. "இது முழுசா வராது. பிடி வரும், நுணுக்கம் குறைவாத்தான் இருக்கும். சாப்பிடச் சுணங்கும், நேரமெடுக்கும், சிந்தும். அதுக்காக வீட்டில ஒளிச்சிருக்கவேண்டாம். ஒளிச்சிருந்தால் கை திரும்பவும் பொத்திக்கொள்ளும்." அவ சொன்னபடியேதான் நடந்தது. இன்றைக்கும் கடையில் காசிம்தான் வெட்டுகிறான், நான் சோக்கால் கோடு போடுகிறேன். அடுத்த வருடம் அவவுக்கு மாற்றம் வந்துவிட்டது. எங்கே போனாலும் அங்கேயும் உடைந்த கட்டில் போட்ட ஓர் அறையைத் தேடியிருப்பா.

காசிமின் கலியாணம் நான் வீடு வந்த மூன்றாம் கிழமை. அன்றைக்கு எனக்கு இருந்த பயம் மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது. பந்தலுக்குள் போனேன். யாரோ கதிரையை இழுத்தார்கள், வேண்டாம் என்றேன். பொல்லைப் பிடித்து, ஒரு காலை மடக்கி, இருபது பேர் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்க, பாயில் இருந்தேன். பாதை ஓட்டுகிற இபுறாகீம் காக்கா வலப்பக்கம், மீன் வியாபாரி ஒருவர் இடப்பக்கம், எதிரே பெண் வீட்டார் மூவர். அவர்களுக்கு என்னைத் தெரியாது. சஹன் வந்தது.

முதல் பிடி வாய்க்கு வந்துசேர்ந்தது. இரண்டாவதில் பாதி, இபுறாகீம் காக்காவின் பக்கத்தில் சிந்தியது. அவர் அதைத் தன் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார், பேச்சை நிறுத்தவில்லை. மீன் வியாபாரி இறைச்சித் துண்டு ஒன்றைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டார், அது யாரும் யாருக்கும் செய்வதுதான். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். ஒரு பிடி, அடுத்த பிடி, விரல் திறக்கும்வரை ஒரு காத்திருப்பு.

நிமிர்ந்து பார்த்தபோது தட்டில் ஐந்து பக்கமும் வெறும் தட்டு தெரிந்தது. என் முன்னால் மட்டும் சோறு இருந்தது. மற்றச் சஹன்களில் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் பந்தல் வாசலில் நின்றார்கள், கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தவர் எங்களுக்குப் பின்னால் நின்றார். ஒரே சஹனில் இருந்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர் எழும்புவதில்லை, அது எங்கள் ஒழுங்கு. எத்தனையோ தடவை நானும் அப்படி இருந்திருக்கிறேன், ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். இவ்வளவு நேரம் யாரும் இருந்ததில்லை.

எனக்கு முகம் சுட்டது. "நீங்க எழும்புங்க. எனக்குச் சுணங்கும்" என்றேன்.

"எனக்கு இன்னும் பசி" என்றார் இபுறாகீம் காக்கா. தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டு, இறைச்சித் துண்டு மெல்வது போல மென்றார். மீன் வியாபாரியும் ஒரு பருக்கையைத் தேடிப்பிடித்தார். பெண் வீட்டார் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு அவர்களும் குனிந்து தேடினார்கள். விரல்களில் நெய் காய்ந்து வெளுத்திருந்தது. பாரை மீன் இந்த வருடம் பிந்துகிறது என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் என் பக்கத்துச் சோறு முழுவதையும் சாப்பிட்டேன். அவசரப்படவில்லை. கடைசிப் பருக்கையை வழித்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினேன், பெருவிரல்வரை ஐந்தையும். அதன் பிறகுதான் இபுறாகீம் காக்கா பின்னால் திரும்பி, "தண்ணியக் கொண்டாங்க" என்றார்.